மாறுகால் மாறுகை வராத பாட்டு

விடியற்காலை ஐந்தரைக்கு ஒரகடம் போகும் ஷிஃப்ட் பஸ்ஸில் யாரும் பேசமாட்டார்கள். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் காதில் இயர்போன். ஒருநாள் பக்கத்து சீட் தம்பி போனை ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டான். பரவை முனியம்மா, ‘தூள்’ படத்து மதுர வீரன் பாட்டு. டிரைவர்கூட ஒன்றும் சொல்லவில்லை.

2003 பொங்கலுக்கு வந்த படம். தரணி இயக்கம், வித்யாசாகர் இசை. மதுரையை ஒட்டிய பரவையிலிருந்து மேடை மேடையாகப் போய்ப் பாடிக்கொண்டிருந்தவரைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது அப்போதுதான். விக்ரம் அடித்து நொறுக்குகிறார், பாட்டி பாடுகிறார். நியாயமாகச் சண்டைதான் மனசில் நிற்க வேண்டும். எனக்கு நின்றது குரல். அதில் குழைவு கிடையாது, நெளிவு சுளிவு கிடையாது. திடலில் கடைசி ஆளுக்கும் சொல் போய்ச் சேரணும் என்று அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடிப் பழகிய குரல். ஸ்டுடியோ மைக்குக்காக அதை அவர் சன்னமாக்கிக்கொள்ளவில்லை. தாளம் எவ்வளவு விரட்டினாலும் ஒரு சொல்லையும் அவர் முழுங்குவதில்லை. கதை சொல்லிப் பாடுகிறவர்களின் பழக்கம் அது.

ஆனால் அந்தப் பாட்டில் கதை எங்கே?

மதுரை வீரன் கதைப்பாடல் வெற்றிப் பாட்டு இல்லை. அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவன், மதுரைக்காகக் கள்ளர்களை அடக்கியவன். கடைசியில் அதே மதுரையின் அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். அதற்குப் பிறகுதான் சாமி. 1956ல் எம்ஜிஆர் நடித்த ‘மதுரை வீரன்’கூட அந்தச் சாவை விடவில்லை, நாயகன் செத்தும் படம் ஓடு ஓடென்று ஓடியது. 2003க்கு வாழ்த்து மட்டும் போதுமானதாக இருந்தது. வெட்டுப்பட்டவனின் பெயரை எடுத்து, ஒரு அடியும் படாத ஆறுமுகத்துக்குச் சூட்டிவிட்டார்கள். இதில் முனியம்மா மேல் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கொடுத்த வரியைத் தன் கனத்தில் பாடினார். ஒப்பாரியும் தாங்கக்கூடிய குரலிடம் ஆரவாரத்தை மட்டும் கேட்டு வாங்கியதுதான் குறை.

பிறகும் சினிமா அவரிடம் பெரும்பாலும் பாட்டியைத்தான் கேட்டது. ‘தமிழ்ப் படம்’ (2010) அந்தப் பாட்டியையே கிண்டல் செய்து கடைசியில் தாதா ஆக்கியது, நன்றாகவே சிரித்தேன். ‘மான் கராத்தே’யில் (2014) அனிருத் இசையில் ராயபுரம் பீட்டரையும் வாழ்த்திப் பாடினார். 2015ல் உடம்புக்கு முடியாமல் இருந்தபோது அன்றைய முதல்வர் ஜெயலலிதா நிதியுதவி கொடுத்தார். 2020 மார்ச் 29ல், ஊரடங்கின் முதல் வாரத்தில், இறந்துபோனார். திருவிழாக் கூட்டத்துக்குப் பாடியவரின் சாவுக்குக் கூட்டம் கூட முடியாத வாரம் அது.

‘தூள்’ கதையே ஒரு ஆலைக் கழிவிலிருந்துதான் தொடங்குகிறது. ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போய், அதை மந்திரியிடம் முறையிட ஊரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களில் இந்தப் பாட்டியும் ஒருத்தி. தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் இதைச் சொன்னேன். தம்பிக்கு அது ஞாபகமே இல்லை. அவனுக்கு உசிலம்பட்டிப் பக்கம்.

“அது கெடக்குண்ணே. எங்க ஊர்ல ராத்திரி இந்தக் கதைய முழுசாப் பாடுவாங்க. கைய வெட்டுற எடம் வந்தாத்தான் எங்க அப்பத்தாவுக்குச் சாமி வரும். சினிமாப் பாட்டுக்கு ஒருநாளும் வந்ததில்ல.”