உலகம் முடியும்போது யார் குறைவாகச் சாப்பிடுவது?

சூசன் பெத் ஃபெஃபரின் ‘லைஃப் அஸ் வி நியூ இட்’ 2006இல் வெளிவந்த அமெரிக்க இளையோர் நாவல். விண்கல் ஒன்று நிலவின்மீது மோதி அதைப் பூமிக்கு அருகே தள்ளிவிடுகிறது. கடல் பொங்கிக் கரையோர நகரங்களை அழிக்கிறது. எரிமலைச் சாம்பல் வானத்தை மூட, கோடையிலேயே குளிர் வந்துவிடுகிறது. பென்சில்வேனியாவில் அம்மா, அண்ணன் மேட், தம்பி ஜானி ஆகியோரோடு வாழும் 16 வயது மிராண்டாவின் நாட்குறிப்பாகக் கதை நகர்கிறது.

உலக அழிவைப் பேசும் இளையோர் நாவல்கள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவள், கையில் வில்லோடு நிற்கும் ‘த ஹங்கர் கேம்ஸ்’ காட்னிஸ். மிராண்டாவிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அவளுடைய உலகம், டப்பா உணவு அடுக்கிவைத்த அலமாரியும் விறகடுப்பு எரியும் ஓர் அறையும்தான். இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்கே கதையின் பதற்றம். பெண்கள் இந்த நாவலை நின்று நிதானித்துப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதும் அதனால்தான்.

அந்த வீட்டில் உணவு குறையும் விதத்தைப் பாருங்கள். முதலில் அம்மா தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறார். யாரிடமும் சொல்வதில்லை. எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்ளும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பிறகு மேட்டும் மிராண்டாவும் குறைத்துக்கொள்கிறார்கள். ஜானிக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒருவராவது பிழைக்க வேண்டுமென்றால் அது அவனாக இருக்கட்டும் என்பது கணக்கு. மிராண்டா இதைக் கண்டுகொள்கிறாள், கோபப்படுகிறாள், பிறகு கோபப்பட்டதற்காகவே வெட்கப்படுகிறாள்.

அண்ணனும்தானே குறைத்துக்கொள்கிறான், கடைக்குட்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதில் ஆண் பெண் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் மிராண்டாவின் இரண்டு தோழிகளிடம் இருக்கிறது.

மேகன் தீவிர மதநம்பிக்கை உடையவள். கடவுள் சித்தம் என்று உணவை மறுத்து, பட்டினியால் இறந்துபோகிறாள். சாமி தன்னைவிட இரு மடங்குக்கும் மேல் வயதான, நாற்பது வயது ஆள் ஒருவனோடு ஊரைவிட்டுப் போகிறாள். பசி காலத்தில் அவள் பிழைக்கக் கண்ட வழி அது. மேகன் செய்வது மிராண்டாவுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. சாமி செய்வது அதிர்ச்சியாக இருக்கிறது. தன் வீட்டில் நடப்பதை மட்டும் அவள் அன்பு என்கிறாள். நாவலும் அவளோடு சேர்ந்து அப்படியே சொல்கிறது.

ஆனால் இந்த மூவரையும் ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒருத்தியின் பசியை மதம் எடுத்துக்கொள்கிறது. இன்னொருத்தியின் பசிக்கு ஓர் ஆண் விலை வைக்கிறான். மூன்றாமவளின் பசியைக் குடும்பம் வாங்கிக்கொள்கிறது. மூன்று இடத்திலும் பெண்ணின் உடல்தான் செலவுக் கணக்கில் வருகிறது. மூன்றாவதற்கு மட்டும் நாம் கண்கலங்குகிறோம்.

இந்தக் கணக்கு தப்பு என்பதற்குச் சாட்சியும் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. காய்ச்சல் பரவி அம்மா, மேட், ஜானி மூவரும் படுத்துவிடும்போது, எழுந்து நிற்பவள் மிராண்டா ஒருத்திதான். உதவி தேடி மருத்துவமனைக்குப் பனியில் சறுக்கிப் போகிறாள். அறையில் புகை சூழும்போது மூவரையும் இழுத்து வெளியேற்றுகிறாள். அந்தக் குடும்பம் உயிரோடு இருப்பது அவளால். இதற்குப் பிறகாவது யார் பிழைக்கத் தகுந்தவர் என்ற கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம் இல்லையா? யாரும் போடுவதில்லை, அவளும்கூட. கடைசியில், தான் திரும்பி வரப்போவதில்லை என்ற எண்ணத்தோடு பசியில் தள்ளாடியபடி ஊருக்குள் நடந்துபோகிறாள். அங்கே நகர அலுவலகத்தில் உணவு கொடுக்கிறார்கள் என்று தெரியவருகிறது. உயிர் பிழைக்கிறாள். வாசகருக்கு நிம்மதி. ஆனால் அவளைக் காப்பாற்றியது தற்செயல். வீடு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததோ வழிவிட்டு விலகிக்கொள்ள.

இதோடு மெக் ரோசாஃப் 2004இல் எழுதிய ‘ஹவ் ஐ லிவ் நவ்’ நாவலைச் சேர்த்துப் படிக்கலாம். நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் 15 வயது டெய்சி, அப்பாவோடும் சிற்றன்னையோடும் உள்ள கசப்பில் சாப்பாட்டை மறுப்பவள். அந்த வீட்டில் அவள் கைவசம் இருந்த ஒரே அதிகாரம் அந்த மறுப்பு. போர் வெடிக்கிறது. 9 வயது பைப்பரை அழைத்துக்கொண்டு காட்டிலும் மேட்டிலும் நடக்கும்போது, உண்மையான பசி அந்த மறுப்பை அர்த்தமில்லாமல் ஆக்கிவிடுகிறது. சாப்பிட வேண்டும் என்று அவள் விரும்பத் தொடங்குகிறாள். இன்னொருத்தியைக் காக்கும் பொறுப்பு வந்தபோதும் தன் உடலைக் கழித்துக்கொள்ள அவள் போவதில்லை. இருவரும் நடக்கிறார்கள், இருவரும் தின்கிறார்கள்.

மிராண்டாவின் அம்மாவை வில்லியாக்குவது என் நோக்கமல்ல. எல்லாரையும்விட முதலில் பட்டினி கிடந்தவர் அவர்தான்; மகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஃபெஃபர் இதைத் துல்லியமாகக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் கேட்காமல் விட்ட கேள்வியை நாம் வகுப்பறையில் கேட்கலாம்: ஜானி ஏன் ஒருமுறைகூடத் தன் தட்டிலிருந்து அக்காவுக்கு எடுத்துவைக்க வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை?