தராசும் திரையும்

கொட்டகலையின் மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பு பலரறிய நிறுக்கப்படுகின்றது. அவளது நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தமை நாடறிந்த விவாதம். அவளது வாக்கினால் பாராளுமன்றம் சென்றோரின் செல்வமோ நெடுங்காலம் திரைமறைவிலேயே இருந்தது.

1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் போலச் சொல் சொல்லாக வாசித்தல் வேண்டும். உறுப்பினர் தம் சொத்துக்களையும் கடன்களையும் வெளிப்படுத்துமாறு அது பணித்தது. பின்வந்த திருத்தத்தின்படி கட்டணம் செலுத்தும் எவரும் அவற்றைப் பார்வையிடலாம். ஆனால் பார்த்ததைப் பிறர்க்குரைத்தல் குற்றம்! படிக்கலாம், பேசலாகாது என்றால் அங்கே விமர்சனத்துக்கு இடமேது?

செல்வம் தனிமனித விவகாரம் என்பர் சிலர். தொழிலாளியின் கூலி பொது விவகாரமெனின், பொதுப்பணத்தைப் பங்கிடுவோரின் செல்வம் மட்டும் எங்ஙனம் தனி விவகாரமாகும்?

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அத்திரையை விலக்கியது. சில விபரங்கள் நீக்கப்பட்ட பிரகடனங்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இணையத்தளத்தில் வெளியிடுகின்றது. இதனை நாம் வரவேற்கின்றோம். எனினும், ஓராண்டின் பட்டியலை மறு ஆண்டினதோடு ஒப்பிட்டு, வருமானத்தை விஞ்சிய வளர்ச்சி எங்கிருந்து வந்ததென வினவும் வாசகர் இல்லையேல் அவை வெறுந்தாள்களே. அவ்வாசகரை உருவாக்குதல் ஆசிரியரும் மாணவருமாகிய நமது கடன்.