முட்டி வலிக்கு ஒரு செட் மாத்திரை

கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு முட்டி வலித்தால் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். "முட்டி வலிங்க, ஒரு செட்டு குடுங்க" என்றால் நான்கைந்து மாத்திரைகள் காகிதத்தில் மடித்து வரும். அதற்கும் அடங்காவிட்டால் ஊசி. இதைப் படிக்காதவர்களின் அறியாமை என்று ஒதுக்குகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. சிமென்ட் தரையில் 12 மணி நேர ஷிஃப்ட், ஒரே ஆள் பல தறிகளுக்கு நடுவே நடப்பது, அறுந்த இழையை எடுத்துக் கட்டக் குனிவது, நெய்த அளவுக்கு மட்டுமே கூலி என்று இருக்கும் வாழ்க்கையில், நாளை காலை நிற்க வைக்கும் மருந்தைத் தேடுவது நியாயம்தான். டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் வீக்கத்தையும் வலியையும் உண்மையிலேயே குறைக்கின்றன. சில நாள் மட்டும், மருத்துவர் சொல்லிச் சாப்பிட்டால் அதில் குற்றமில்லை.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. முட்டிக்கும் கால் கட்டைவிரலுக்கும் அதே செட்டைக் கொடுக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு முட்டி வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தால் மெல்ல மெல்ல வருகிறது. கட்டைவிரல் வலி அப்படியல்ல. படுக்கும்போது நன்றாக இருந்தவருக்கு நள்ளிரவில் விரலடி மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது அநேகமாக யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட். செட் மாத்திரையில் சில நாளில் அடங்கிவிடும். அடங்குவதுதான் ஆபத்து. படிகம் மூட்டிலேயே இருக்கிறது. சில மாதம் கழித்துத் திரும்ப வரும், பிறகு அடிக்கடி வரும், மூட்டை அரிக்கும். இதற்கு அல்லோபுரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் போன்ற மருந்துகளால் ரத்த யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனை சில சமயம் சரியாகவே காட்டும். வலி தணிந்த சில வாரம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில சிறுநீர் மாத்திரைகளும் யூரிக் அமிலத்தை ஏற்றும்; அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்லும் பழக்கத்துக்கு மட்டும் ஆதாரம் குறைவு. 47,000 ஆண்களை 12 ஆண்டு கவனித்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இறைச்சியும் கடலுணவுமே கவுட்டைக் கூட்டின. காய்கறி கூட்டவில்லை. மதுவும் கூட்டும், குறிப்பாக பீர்.

இன்னொரு குற்றம், காகிதத்தில் மடித்த மாத்திரைக்குப் பெயர் கிடையாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாக மறையும். மாதக்கணக்கில் போனால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். வலிநிவாரணியோ வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். வெக்கை நிறைந்த தறிக்குடோனில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அந்த ஆபத்து அதிகம். முட்டியில் நேரடியாகப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அடிக்கடி போடத் தக்கதல்ல. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டு போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. வலியில் வித்தியாசம் இல்லை.

நொச்சி ஒத்தடமும் முடக்கத்தான் தோசையும் இதமானவை, தொடரலாம். தேய்ந்த குருத்தெலும்பை அவை வளர்க்கும் என்று நம்ப வேண்டாம்.

முட்டிக்கு உண்மையில் நிற்கும் வைத்தியம் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. 2020-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியையும் இயன்முறை சிகிச்சையையும் ஒப்பிட்டபோது, ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களுக்கே வலி குறைவு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஆனால் "நாள் முழுக்க நடக்கறனுங்களே, அதுவே எக்சர்சைஸ் இல்லீங்களா?" என்று தறிக்காரர் கேட்பார். இல்லை. நின்றே கழியும் நாள் மூட்டைச் சுமக்க வைக்கிறது. தொடையின் முன்தசையைத் தனியாக வலுவாக்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிச் சில நொடி நிறுத்தி இறக்குவதை முறையாகத் தினம் செய்தால்தான் தசை ஏறும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மருந்துச் சீட்டில் "பயிற்சி செய்யவும்" என்று எழுதி அனுப்பும் மருத்துவர்கள் அந்த எட்டு வாரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஊசி ஒரே நாளில் வெல்வது அங்கேதான்.

அறுவை சிகிச்சை கடைசிப் படி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்த பிறகு அது ஓரளவு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு முந்தைய படிகள்தான் இங்கே காலியாக இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை உண்டு. பகலில் தறியில் நிற்பவருக்கு வீட்டுக்கு வந்து பயனில்லை. ஷிஃப்ட் மாறும் மாலை வேளையில் கருமத்தம்பட்டியிலேயே ஓர் இயன்முறை மருத்துவர் கிடைக்க நகராட்சியும் சுகாதாரத் துறையும் வழி செய்ய வேண்டும். தறி உரிமையாளர்கள் இடையிடையே உட்கார ஒரு ஸ்டூலாவது போட்டுக் கொடுங்கள். மாத்திரை வாங்குகிறவர்கள் பெயர் அச்சிட்ட அட்டையோடு மட்டும் வாங்குங்கள். கட்டைவிரல் இரண்டாம் முறை வீங்கினால் மருந்துக்கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் விரல் சிவந்தாலோ புண் தெரிந்தாலோ அன்றே போங்கள்.