கம்பத்தில் ஏறும் உடல்கள்: யாருடைய கம்யூனிட்டி?

1

தமிழ்நாட்டில் 'கம்யூனிட்டி' என்ற சொல் தெரியாதவர் கிடையாது. தாலுகா ஆபீசில் வாங்குகிறோமே, கம்யூனிட்டி சர்டிபிகேட், அதுதான். 'நீங்க என்ன கம்யூனிட்டி?' என்று ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், எந்த வாசகர் வட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. 'சமூகம்' என்று தமிழ்ப்படுத்திக்கொண்டாலும் கதி அதேதான். கல்யாண மண்டபத்துப் பெயர்ப்பலகையில், வரன் தேடும் விளம்பரத்தில், சமூகம் என்றால் சாதி. உள்ளே இருப்பவர் யார் என்பதைவிட வெளியே நிற்க வேண்டியவர் யார் என்பதைச் சொல்லவே இந்தச் சொல் இங்கே அதிகம் புழங்குகிறது.

மும்பை, டில்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் இன்று போல் டான்ஸ் எனப்படும் கம்ப நடனத்தைக் கற்றுத்தரும் கூடங்கள் இருக்கின்றன. நட்டுவைத்த எஃகுக் கம்பத்தைக் கையாலும் தொடையாலும் பற்றி ஏறி, சுழன்று, தலைகீழாகத் தொங்கி ஆடுகிற ஆட்டம். உலகம் முழுக்க இப்படிப்பட்ட கூடங்கள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் மொழி ஏறக்குறைய ஒன்றுதான். எல்லா உடல்களுக்கும் இங்கே இடமுண்டு. குண்டோ ஒல்லியோ, எந்த வயதோ, எந்தப் பாலினமோ, கூச்சத்தை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் ஒரு கம்யூனிட்டி.

இந்தச் சொல்லாடலைக் கேலிசெய்து ஒதுக்குவது சுலபம். 'பணக்கார வீட்டுப் பொண்ணுங்களுக்குப் பொழுது போகல' என்று நம் தோழர்களே சொல்லிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிவிட முடியாது. தன் உடலைப் பற்றிக் கூச்சப்படுவதற்கே பழக்கப்பட்ட ஒரு பெண், தன் எடை முழுவதையும் தன் கையாலேயே தூக்கிக் காட்டுகிறாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. நமது கேள்வி வேறு. 'எல்லோரும்' என்கிற அந்தச் சொல்லுக்குள் யார் இல்லை? அவர்கள் இல்லாமல்போனது எப்படி?

2

பட்டு நெய்கிற ஆரணிக்கும் கம்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பழைய சம்பந்தம்தான். ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. அர்ச்சுனன் தபசு அன்று திடலில் உயரமான தபசு மரம் நடுவார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக அதில் ஏறுவார். கதைப்படி அவர் ஏறுவது சிவனிடம் பாசுபதம் வாங்க. கீழே காத்திருக்கிற பெண்கள் பலருக்கு வேண்டியது பிள்ளை வரம். மேலேயிருந்து விழுகிற எலுமிச்சம்பழத்தையும் பூவையும் முந்தானையில் ஏந்திக்கொள்வார்கள்.

ஒரே கம்பத்தில் இரண்டு உடல்கள் இங்கே எழுதப்படுகின்றன. ஏறுகிற உடல் ஆணுடையது. மரபான கூத்தில் திரௌபதி வேடமும் ஆணுக்குத்தான். கீழே நிற்கிற உடல், ஊர் 'குறை' என்று பேர் வைத்த பெண்ணுடையது. அவள் விலக்கப்பட்டவள் இல்லை. அவளும் அந்தச் சடங்கில் ஒரு பகுதி. ஆனால் குறை உள்ளவள் என்று தானே ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த இடம் அவளுக்குக் கிடைக்கிறது. சேர்த்துக்கொள்வதும் ஒதுக்குவதும் எப்போதும் எதிரெதிர் செயல்கள் அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சேர்க்கிற கை உட்காருகிற இடத்தையும் காட்டிவிடுகிறது.

இன்னொரு கம்பம் கழைக்கூத்தாடிகளுடையது. கயிற்றின்மேல் ஆடுபவர்களும் அவர்களுடைய பறையும் குறுந்தொகையிலேயே வருகிறார்கள். பின்னால் தெருத்தெருவாகக் கழை நட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் அதன் உச்சியில் ஏற்றி வித்தை காட்டிப் பிழைத்தவர்கள் தொம்மர் முதலான நாடோடிச் சாதியார். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நிலையான வீடு இல்லாமல், உடல் வித்தையை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் போலீஸ் பதிவேட்டில் ஏறினார்கள். தொம்மர் என்ற பேர் இன்றும் தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறது. கம்பத்தில் ஏறிய உடலுக்கு இங்கே கிடைத்த கம்யூனிட்டி சர்டிபிகேட் அது.

மூன்றாவது கம்பம் மல்லர் கம்பம். மராட்டியத்தில் மல்யுத்த வீரர்களின் பயிற்சியாக வளர்ந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது அமராவதியிலிருந்து ஒரு குழு அங்கே போய்ச் செய்துகாட்டியது. தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன ஊர் விழுப்புரம். லங்கோடு கட்டிய ஆண்கள் எண்ணெய் தடவிய மரத்தில் ஏறுகிறார்கள். யாரும் ஆபாசம் என்று சொல்வதில்லை. தேசத்தின் பண்டைய வீர விளையாட்டு என்கிறார்கள். பெண்களுக்கு நெடுங்காலம் கம்பம் கொடுக்கப்படவில்லை. கயிறுதான்.

கம்ப நடனத்தில் உடை குறைவாக இருப்பதற்கும் காரணம் இதே தொழில்நுட்பம்தான். எஃகை இறுக்கிப் பிடிப்பது தோல். துணி வழுக்கும். தொடையும் முழங்கால் மடிப்பும் அக்குளும் வெறும் தோலாக இருந்தால்தான் ஆடுபவர் கீழே விழாமல் இருக்க முடியும். ஆணின் தோல் வீரம், பெண்ணின் தோல் ஆபாசம், கழைக்கூத்தாடியின் தோல் குற்றம். ஏறுவது ஒன்றுதான், தீர்ப்பு மூன்று.

3

கம்ப நடனக் கூடங்களின் சொந்த வரலாற்றுக்கு வருவோம். இந்த ஆட்டத்தை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் வட அமெரிக்க கிளப்புகளில் உடை களைந்து ஆடிப் பிழைத்த பெண்கள். 1990களில் அவர்களில் சிலர் வெளியாருக்குக் கற்றுத்தர ஆரம்பித்தார்கள். கூடங்கள் பெருகின. மத்தியதர வர்க்கப் பெண்கள் வந்தார்கள். 2015 வாக்கில் அவர்களில் ஒரு சாரார் தங்கள் படங்களுக்கு மேல் 'நாட் எ ஸ்ட்ரிப்பர்' என்று எழுத ஆரம்பித்தார்கள். நான் கிளப்பில் ஆடுகிறவள் இல்லை என்று அர்த்தம். கிளப்பில் ஆடுகிறவர்கள் 'யெஸ் எ ஸ்ட்ரிப்பர்' என்று பதில் எழுதினார்கள். இன்னொரு பக்கம் இதை விளையாட்டாக அங்கீகரிக்கும் வேலையும் நடந்தது. 2017இல் சர்வதேச விளையாட்டுச் சங்கங்களின் பொது அமைப்பு கம்ப விளையாட்டுச் சம்மேளனத்துக்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. மூதாதையாக மல்லர் கம்பத்தைக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. கிளப் பெண்ணைவிட லங்கோடு கட்டிய மல்லர் கௌரவமான பாட்டனார் அல்லவா?

இதென்ன நமக்குப் புதுசா? சதிரைப் பரதநாட்டியமாக மாற்றியபோது நடந்தது இதுதானே. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார், 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது, 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம். பொட்டுக்கட்டை எதிர்த்தது தவறு என்று யாரும் இங்கே சொல்ல வரவில்லை. அந்த மரபிலிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதன் கொடுமையை நாவலாகவே எழுதியவர். ஆனால் சுரண்டலை ஒழிப்பது ஒன்று, கலையைக் கழுவி வேறொருவர் வீட்டுக்கு எடுத்துப்போவது இன்னொன்று. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் இரண்டையும் ஒன்று என்று நம்பவைத்தார்கள். சிருங்காரத்தைக் களைய வேண்டிய அழுக்காகப் பார்த்தது புது மேடை. பாலசரஸ்வதி அதை ஏற்க மறுத்தார். ஆட்டம் 'எல்லோருக்கும்' திறந்துவிடப்பட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

மும்பை நடன பார்களின் கதையையும் சேர்த்துப் பார்க்கலாம். 2005இல் மகாராஷ்டிர அரசு பார்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. ஆனால் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு. அதாவது சட்டம் அளந்தது ஆட்டத்தை அல்ல, பார்க்க வருகிறவரின் பர்ஸை. 2006இல் உயர்நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டித் தடையை நீக்கியது. 2013இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இடையில் எட்டு வருஷம். அந்தப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒழுக்கம் பேசியவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆக, 'எல்லா உடல்களுக்கும் இடம்' என்ற பலகைக்குப் பின்னால் எழுதாத இன்னொரு பலகை தொங்குகிறது. 'நாங்க அவங்க இல்ல.' கூடத்தின் கௌரவம் இரண்டாவது பலகையில்தான் நிற்கிறது. கம்யூனிட்டி என்ற சொல்லுக்கு நம் தாலுகா ஆபீஸ் தருகிற அர்த்தமே கடைசியில் சரியாகிவிடுகிறது.

4

உடலைக் கொண்டாடுதல் என்பதற்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. பருமனான உடல்களுக்கு வேலையிலும் மருத்துவத்திலும் இழைக்கப்படும் அநீதிக்கு எதிராக அமெரிக்காவில் 1969இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது உரிமைப் போராட்டம். பின்னால் சோப்புக் கம்பெனியும் துணிக் கம்பெனியும் அதை வாங்கிக்கொண்டன. உரிமை கேட்ட இடத்தில் தன்னம்பிக்கை வந்து உட்கார்ந்தது. உன் உடலை நீ நேசி என்று சொல்லிவிட்டால், அந்த உடலை அப்படி ஆக்கிய வேலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஆரணியில் வைத்துப் பேசுவோம். ஊரே ஊருலகத்தின் உடம்புகளைப் போர்த்தப் பட்டு நெய்கிறது. நெய்கிறவர் குழித்தறியில் காலை இறக்கி மிதித்துக்கொண்டு, குனிந்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இடுப்பும் முழங்காலும் கண்ணும் முதலில் போகும். இந்தியக் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்று 2019-20இல் எடுத்த கணக்கு சொல்கிறது. தார் சுற்றுவது, நூலைச் சிக்கெடுப்பது போன்ற வேலைகள் வீட்டு வேலையோடு வேலையாகக் கரைந்துபோகின்றன. அந்தப் பெண்ணிடம் போய் 'உன் உடம்பை நேசி' என்றால் 'யார் வேணாம்னது? முதல்ல இடுப்பு வலிக்கு வழி சொல்லு' என்றுதான் கேட்பாள். கேட்க வேண்டும்.

பக்தின் ரபெலெய் பற்றிய நூலில் இரண்டு விதமான உடல்களைப் பற்றிப் பேசுகிறார். மூடிய, வழுவழுப்பான, முடிந்துபோன செவ்வியல் உடல் ஒன்று. திறந்த, பிதுங்கிய, வியர்க்கிற, சிரிக்கிற திருவிழா உடல் மற்றொன்று. கூடங்கள் பேசுவது இரண்டாவதின் மொழி. காட்டுவது பெரும்பாலும் முதலாவதின் படம். குண்டான உடலும் ஒத்துக்கொள்ளப்படும், ஆனால் அது ஒரு நாள் தலைகீழாக நின்று காட்ட வேண்டும். சாதிக்காத உடலுக்கு, வலிக்கிற உடலுக்கு, வெறுமனே வந்து உட்கார்ந்திருக்க விரும்புகிற உடலுக்கு இடம் உண்டா?

5

வேறு மாதிரி நடக்கவே முடியாதா? முடியும். இரண்டு உதாரணங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் லஸ்டி லேடி என்ற ஆட்டக்கூடம் இருந்தது. வாடிக்கையாளர் மறைவாகப் படம் எடுக்க வசதியான ஒருவழிக் கண்ணாடிகளை எதிர்த்தும், ஷிப்ட் கொடுப்பதில் நிறவேற்றுமையை எதிர்த்தும் அங்கே ஆடிய பெண்கள் 1997இல் தொழிற்சங்கம் கட்டினார்கள். 2003இல் கூடத்தையே வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள். அங்கேயும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. குண்டான பெண்களைச் சேர்ப்பதால் வருமானம் குறைகிறது என்று 2006இல் உள்ளிருந்தே சண்டை வந்தது. ஆனால் அந்தச் சண்டையில் ஆடுகிறவர்களுக்கு ஓட்டு இருந்தது. 2013இல் கூடம் மூடப்பட்டது. கூட்டுறவுச் சங்கத்தின் நிறைகுறைகளை நன்றாக அறிந்த நெசவாளர் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்கு யாரிடம், கணக்கு யார் பார்க்கிறார், தலைவர் தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.

இரண்டாவது உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் அதன் பின்னால் இருந்தவர்கள். சோறும் பள்ளிப்படிப்பும் தங்குமிடமும் கொடுத்து, ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தார்கள். கூத்தின் புஜக்கட்டையும் கிரீடமும் உடலைச் சிறுக்க வைப்பதில்லை, பெருக்குகின்றன. துரியோதனன் வேடம் போடுகிற பெண் ஒல்லியாக, சிவப்பாக, அடக்கமாக இருக்க வேண்டியதில்லை. அவள் திடலை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும், விடியும்வரை குரல் தாங்க வேண்டும். இங்கே யாரும் கூத்தாடி என்ற பேரைக் கழுவவில்லை என்பதுதான் முக்கியம். 'நாங்க கூத்தாடிங்க இல்ல, கலைஞர்கள்' என்று மேலே ஏறிப்போகாமல், கூத்தாடியாக இருப்பதற்கே மரியாதை கேட்டார்கள்.

கம்ப நடனக் கூடம் எங்கே வந்தாலும், நாளை இந்த வட்டாரத்துக்கே வந்தாலும், அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். கிளப்பில் ஆடியவரை, பாரில் ஆடியவரை, திருவிழா ஆடல் பாடல் மேடையில் ஆடுகிறவரை மாணவியாக அல்ல, சம்பளம் வாங்குகிற ஆசிரியையாகச் சேர்ப்பீர்களா? தறி நிற்கிற நேரத்தில் வருகிற பெண்ணுக்கு ஏற்ற நேரமும் கட்டணமும் உண்டா? கூடத்தை நடத்துவது பற்றிய முடிவில் ஆடுகிறவர்களுக்கு ஓட்டு உண்டா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த இடத்துக்கு என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

இல்லையென்றால் அது இன்னொரு தபசு மரம்தான். மேலே ஏறுகிறவர் மட்டும் மாறியிருக்கிறார். கீழே முந்தானை ஏந்தி நிற்கிறவர் மாறவில்லை. உடலரசியல் பேசுகிற நாம் கம்பத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடிமரத்திலிருந்து விவாதத்தைத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்புகள்.