முப்பத்தெட்டரை மாத்திரை

ஆஸ்பத்திரிகளுக்கு கம்ப்யூட்டர் விற்பவர்களும், அதில் நர்ஸுகளுக்கு டிரெய்னிங் கொடுப்பவர்களும் ராபர்ட் வாக்டர் 2015-ல் எழுதிய 'தி டிஜிட்டல் டாக்டர்' புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நோயாளிகளும் படிக்கலாம், தைரியம் இருந்தால்.

புத்தகத்தின் ஆதார சம்பவம் 2013 ஜூலையில் நடந்தது. இடம், சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை. நோயாளி 16 வயதுப் பையன். வழக்கமாகச் சாப்பிடும் 'செப்ட்ரா' என்ற ஆன்டிபயாட்டிக், வேளைக்கு ஒரு மாத்திரை. பையன் எடை 38.6 கிலோ. 40-க்குக் குறைவு என்பதால் சிஸ்டம் அவனுக்கு மருந்தை எடைக் கணக்கில் கேட்டது. டாக்டர் 160 என்று டைப் அடித்தார். அவர் மனசில் இருந்தது 160 மில்லிகிராம். திரையில் இருந்தது, கிலோவுக்கு 160 மில்லிகிராம். பெருக்கிப் பாருங்கள். ஒரு மாத்திரைக்குப் பதில் முப்பத்தெட்டரை!

கம்ப்யூட்டர் எச்சரிக்காமல் இல்லை. டாக்டருக்கும் எச்சரிக்கை வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. ஆனால் நாள் முழுக்க உருப்படியில்லாத எச்சரிக்கைகளாக வந்துகொண்டிருந்தால் யார் படிப்பார்கள்? தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ரோபாட் சமர்த்தாக எண்ணிப் பொட்டலம் கட்டியது. அன்றிரவு வேறு வார்டிலிருந்து வந்திருந்த இளம் நர்ஸுக்கு மட்டும், 'என்ன இது, இவ்வளவு மாத்திரை?' என்று உறுத்தியது. பார்கோடை ஸ்கேன் செய்தார். மெஷின் 'சரி' என்றது. கொடுத்துவிட்டார். சில மணி நேரத்தில் பையனுக்கு வலிப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

வாக்டர் அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். சொந்த வீட்டு அழுக்கை இப்படிப் பகிரங்கமாக அலச ஒரு நேர்மை வேண்டும். 2009-ல் அமெரிக்க அரசு சுமார் 3,000 கோடி டாலரை ஒதுக்கி, 'கம்ப்யூட்டருக்கு மாறுங்கள்' என்று டாக்டர்களை முடுக்கிவிட்டதையும், அந்த அவசரத்தின் விளைவுகளையும் விவரிக்கிறார். போயிங் கம்பெனிக்கே போய், காக்பிட்டில் எதற்கெல்லாம் அலாரம் அடிக்கலாம் என்பதில் அவர்கள் காட்டும் கஞ்சத்தனத்தைப் பார்த்துவிட்டு வருகிறார். அந்த அத்தியாயத்துக்கே காசு சரியாகிவிட்டது.

என் குறை ஒன்றுதான். கடைசி அத்தியாயங்களில் வருங்கால மருத்துவத்தைப் பற்றிக் கனவு காண்பதில் செலவிட்ட பக்கங்களில் பாதியையாவது பயிற்சிக்குக் கொடுத்திருக்கலாம். அதுல் கவாண்டே 2018-ல் 'நியூ யார்க்கர்' கட்டுரையில், பாஸ்டனில் 160 கோடி டாலர் செலவில் புது சிஸ்டம் வந்தபோது தனக்கு 16 மணி நேரக் கட்டாயப் பயிற்சி கொடுத்ததைச் சொல்கிறார். பதினாறு மணி நேரம் தாராளம்தான். ஆனால் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதல்லவா கேள்வி? அந்த நர்ஸுக்கு ஸ்கேன் பண்ணத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரிந்திருந்தது. 'மெஷின் சரி என்றாலும் உனக்கு உறுத்தினால் நிறுத்து, ராத்திரி ரெண்டு மணியானாலும் போன் போட்டுக் கேள், யாரும் திட்டமாட்டார்கள்' என்பதைத்தான் மனசில் பதிகிறமாதிரி யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே தப்பான மருந்துச் சீட்டுகளைத் திரையில் கொடுத்து, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பழக்க வேண்டும். பட்டனைத் தட்டக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். சந்தேகப்படப் பழகத்தான் நாளாகும்.

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இங்கேயும் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதற்கும் தொடங்கிவைக்கப்பட்டு, ஆளுக்கொரு 14 இலக்க எண் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். கூடவே நம் நர்ஸம்மாக்களுக்கு 'ஏன்?' என்று கேட்கும் உரிமையையும் கொடுத்துவிட்டால் தேவலை.

அதுவரை, ஆஸ்பத்திரியில் நீட்டுகிற மாத்திரையை வாயில் போடுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டு அர்த்தத்திலும்.