தளர்ந்த தசையின் உதவி

விரலை மடக்கும் தசைநாண் அறுந்தால் தைத்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். அசைக்காமலே வைத்தால் நாண் சுற்றுத் திசுவோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் தையல் பிய்ந்துவிடும். பெரியவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். மூன்று வயதுக் குழந்தை பொம்மையைக் கண்டால் சும்மா இருக்குமா?

அதனால் சில அறுவை மருத்துவர்கள் போட்டுலினம் ஊசி போடுகிறார்கள். விரலில் அல்ல, நாணை இழுக்கும் முன்கைத் தசையில். கெட்டுப்போன உணவில் ஆளையே கொல்லும் நஞ்சுதான். இங்கே மிகச் சிறிய அளவில். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிவருவதை அது தடுக்க, தசை தளர்கிறது. தையலின்மேல் இழுப்பு குறைய, விரலைப் பிறர் மெல்ல மடக்கி நீட்டலாம்.

என்னை வியக்கவைப்பது இதன் காலப் பொருத்தம். நாண் தேற ஏறக்குறைய 12 வாரம். ஊசியின் வேலையும் சுமார் 3 மாதம். பிறகு தசை தானாகவே வலுப்பெறுகிறது.