அண்ணா பயந்தாரா?

திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெரியப்பா சொன்னார்: “சட்டம் வந்துச்சு, அண்ணா பயந்துட்டாரு. அவ்ளோதாம்பா திராவிட நாடு.” 1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகக் கொடி கட்டி, அவர் தோற்ற அன்று சாப்பிடாமல் படுத்தவர். கோபம் இன்னும் ஆறவில்லை.

நம் அரசியல் கட்டுரைகளும் இதையேதான் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கின்றன: பிரிவினையைச் சட்டம் அடக்கியது. எனக்கு இது போதவில்லை.

தேதிகளைப் பாருங்கள். 1962 மே மாதம் மாநிலங்களவைக் கன்னிப்பேச்சில் அண்ணா சுயநிர்ணய உரிமை கேட்டார். அக்டோபரில் சீனப் போர் வந்ததும் பிரச்சாரத்தை நிறுத்தினார். 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1963 அக்டோபரில்தான். நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக வேட்பாளர்களும் உறுப்பினர்களும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது அது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா.

இப்போது இலங்கை. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டது. மறு ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று பிரதான எதிர்க்கட்சியானது. 1983 ஆகஸ்டில், ஜூலைப் படுகொலைகளின் சூடு ஆறும் முன்பே, ஆறாவது திருத்தம். அங்கேயும் உறுதிமொழிதான். கூட்டணியினர் எடுக்க மறுத்து இடங்களை இழந்தார்கள். பேசுவதற்கு இருந்த சபையும் போனது. ஆயுதம் ஏந்திய இளைஞர்களின் கை ஓங்கியது. போர் 2009 வரை நீண்டது.

ஒரே மாதிரிச் சட்டம், இரண்டு விளைவு. அப்படியென்றால் காரணம் சட்டத்தில் இல்லை. அதற்குப் பிறகு என்ன வழி மிச்சமிருந்தது என்பதில் இருக்கிறது. இங்கே 1965 துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகும் 1967இல் வாக்குச்சீட்டு ஆட்சியைக் கொடுத்தது. ஆங்கிலத்துக்கு ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்ற பெயரும் வந்தது. அங்கே 1957 பண்டா–செல்வா ஒப்பந்தத்தின் ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை. கனடாவின் கியூபெக்கில் 1995 வாக்கெடுப்பில் தனிநாடு கேட்டவர்கள் 49.42 சதவீதம் பெற்றுத் தோற்றார்கள். எண்ணப்பட்டதால் தோல்வியை ஏற்கவும் முடிந்தது.

இதை டெல்லியின் பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன். 1953இல் ஷேக் அப்துல்லாவைப் பதவி நீக்கிச் சிறையில் வைத்ததும் அதே டெல்லிதான்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “சரிப்பா, பயப்படலை. காரணம் அப்படியே இருக்குன்னாரே, அதை இப்ப யார் பேசறாங்க?” என்றார். மாநில உரிமைகளை ஆராய்ந்த ராஜமன்னார் குழு அறிக்கை தந்தது 1971இல். பெரியப்பாவின் கேள்விக்கு அங்கிருந்துதான் பதில் தேட வேண்டும்.